சால்வை போர்த்திய விளம்பரம்

"ஷ்யாமளா, அந்தச் சால்வையை எடுத்துட்டு நில்லுடி" என்று ருக்மிணி மறுபடியும் சொன்னாள்.

"குளிர்றது மாமி" என்றாள் ஷ்யாமளா, சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு.

வெளியே செப்டம்பர் மாத வெயிலில் சான் ஹோசே காய்ந்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக் காலணியில் ஒட்டியது. பக்கத்து டோனட் கடைக்காரர் கதவைத் திறந்து வைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில்தான் ருக்மிணியின் தையல் கடைக்குள் மூன்று பெண்கள் கழுத்திலிருந்து இடுப்பு வரை சால்வை போர்த்தி, பனிமலைக்கு யாத்திரை கிளம்பியவர்களைப் போல வரிசையாக நின்றார்கள்.

கேமராவைத் தோளில் வைத்திருந்த வெங்கடகிருஷ்ணன் கண்ணை அதிலிருந்து எடுத்தான். வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனியில் எஞ்சினியர்; சனிக்கிழமைகளில் மட்டும், ஞாயிறு காலை டிவியில் வரும் இந்திய நிகழ்ச்சிக்கு விளம்பரப் படம் பிடித்துக் கொடுப்பான்.

"மாமி, இது பிளவுஸ் கடை விளம்பரம். பிளவுஸ் எங்கேயும் தெரியலையே?"

"அதைத்தானே நானும் சொல்லிண்டிருக்கேன்! இவா காதுல விழணுமே!"

ருக்மிணிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் பாலசுப்ரமணியனுக்குக் கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை போயிற்று. அவர் சோபாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், அவள்தான் ஒரு பழைய தையல் மெஷினை வாங்கி, அதன் தலையில் குங்குமம் வைத்து, இந்தக் கடையைத் திறந்தாள். இப்போது அவருக்கு டெக்ஸஸில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது.

"நவராத்திரிக்குள்ள கடை நிமிர்ந்துதுன்னா நான் இங்கேயே ஏதாவது பாத்துக்கறேன், ருக்கு. இல்லேன்னா மூடிட்டு எல்லாரும் ஆஸ்டினுக்குக் கிளம்பலாம்" என்று அவர் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். ஆனால் ருக்மிணிக்கு அந்தக் கடை கணக்கு இல்லை. காலையில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, சுவரில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு பூவை வைத்துவிட்டு மெஷினில் உட்காரும்போதுதான் தானும் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றும்.

ஆகவே இந்த ஒரு நிமிஷ விளம்பரம். வெங்கடகிருஷ்ணன் இன்று சாயங்காலத்துக்குள் டேப்பைக் கொடுத்தால்தான் அடுத்த ஞாயிறு டிவியில் வரும். அதற்காகத்தான், "நான் தைச்ச பிளவுஸைப் போட்டுண்டு வாங்கோ" என்று தன் மூன்று பழைய வாடிக்கைக்காரிகளை அழைத்திருந்தாள். மூவரும் மறுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்கள். சால்வையோடு.

"ஏசி காத்து நேரா கழுத்துல அடிக்கிறது மாமி. அதான்" என்றாள் ஷ்யாமளா.

"அவ்வளவுதானே?" ருக்மிணி விறுவிறுவென்று போய் ஏசியை நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கடை அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. வெங்கடகிருஷ்ணனின் இரண்டு பெரிய விளக்குகள் வேறு. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூவரில் மூத்தவளான மீனாக்ஷி மாமியின் குங்குமம் கரைந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இப்போ?" என்றாள் ருக்மிணி.

"இப்பவும் ஒரு மாதிரி ஜிலுஜிலுன்னுதான் இருக்கு" என்றாள் ஷ்யாமளா, நெற்றி வியர்வையைச் சால்வை நுனியால் ஒற்றிக்கொண்டே.

"மீனாக்ஷி மாமி, பெரியவா நீங்களாவது வழிகாட்டக் கூடாதா?"

"அதுக்கில்லை ருக்மிணி. டிவின்னா நாலு பேர் பாப்பா. எங்காத்துக்காரர் வேற பாப்பார்."

"உங்காத்துக்காரர் உங்களைத் தினமும்தானே பாக்கறார்?"

"ஆத்துல பாக்கறது வேற. டிவியில பாக்கறது வேற. ஆத்துல அவர் என்னை எங்கே பாக்கறார்? பேப்பரைத்தான் பாக்கறார்."

ருக்மிணி மூன்றாவது ஆளிடம் திரும்பினாள். தவமணிதேவி யாழ்ப்பாணத்துக்காரி, நர்ஸ். பொய் சொல்லவே தெரியாதவள் என்று லிவர்மோர் கோயிலில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள்.

"எனக்குத் தடிமன் அக்கா" என்றாள் தவமணிதேவி தரையைப் பார்த்துக்கொண்டு. "சால்வையைக் கழட்டினா நெஞ்சில சளி கட்டிடும்."

"காலம்பற போன்ல பேசறச்சே நன்னாத்தானே இருந்தே?"

"வழியிலதான் பிடிச்சது அக்கா. ஃப்ரீவேயில."

"ஃப்ரீவேயில ஜலதோஷம் பிடிக்குமா? கார் கண்ணாடியை ஏத்திண்டுதானே வருவே? சரி, சளிதானே? இரு, உன் சளிக்கு ஒரு வழி பண்றேன்." ருக்மிணி பின்பக்கம் போய், குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த ஹீட்டரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, வேண்டாம். லைட்டே நிறைய கரன்ட் இழுக்கறது. அதுவும் சேர்ந்தா..." என்று வெங்கடகிருஷ்ணன் ஆரம்பித்தான்.

ருக்மிணி ஹீட்டரின் பிளக்கைச் சுவரில் குத்தினாள். எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. ஹீட்டரும் அணைந்தது. உடனே மீனாக்ஷி மாமி, "அப்பாடா" என்று மூச்சுவிட்டது எல்லாருக்கும் கேட்டது.

அவள் கடையின் ஃபியூஸ் பெட்டி கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி கட்டடச் சொந்தக்காரரிடம் இருந்தது. கட்டடச் சொந்தக்காரர் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார்.

"பிள்ளையாரே, இன்னிக்கா இந்தச் சோதனை?" என்று ருக்மிணி சுவரைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட தொனியில் பக்தியைவிட அதிகாரமே இருந்தது. அவளுக்கும் பிள்ளையாருக்கும் அப்படி ஒரு உரிமை.

மறுபக்கத்துக் கடைக்கு ஓடினாள். அது ஒரு சலவைக் கடை; கிழிசல் தைப்பதும் பொத்தான் வைப்பதும் உண்டு. நடத்துபவள் பெயர் லான். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்து, இந்த ஊரில் கையூன்றி எழுந்தவள். ருக்மிணியை எங்கே பார்த்தாலும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், ருக்மிணிக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டையும் சேர்த்து அவர்கள் இரண்டு வருஷமாகச் சிநேகிதமாக இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் லான் ஒரு நீளமான மின்கம்பியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து, தன் கடையிலிருந்து கரன்ட் கொடுத்தாள்.

கம்பி ருக்மிணியின் கடை வாசல்வரைதான் எட்டியது.

"பரவாயில்லை. வாசல்லயே எடுக்கலாம். வெயில் இருக்கறதால ஒரு லைட்டே போதும்" என்றான் வெங்கடகிருஷ்ணன்.

"வாசல்ல ஏசி இல்லை. காத்து இல்லை. குளிர்றதுன்னு எவ சொல்றான்னு பாக்கறேன்" என்றாள் ருக்மிணி.

மூன்று பெண்களும் நடைபாதையில் வெயிலில் போய் நின்றார்கள். யாரும் குளிர்கிறது என்று சொல்லவில்லை. யாரும் சால்வையை எடுக்கவும் இல்லை. வியர்வை ஆறாக ஓட, எதையோ சகித்துக்கொள்ளச் சபதம் எடுத்தவர்களைப் போல நேராக நின்றார்கள்.

டோனட் கடைக்கு வந்தவர்கள் காப்பிக் குவளையோடு நின்று பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் வெங்கடகிருஷ்ணனிடம் வந்து, "இவர்கள் ஏதாவது மடத்தைச் சேர்ந்தவர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு வயதான அம்மாள் கேட்கவே இல்லை. நேராக மீனாக்ஷி மாமியிடம் போய், அவள் கையில் ஒரு டாலரை வைத்து அழுத்தி, கண் கலங்க, "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இது எதுக்குடி?" என்றாள் மீனாக்ஷி மாமி, டாலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"எதுக்கா? என் கடை வாசல்ல பிச்சைக்கு நிக்கறேள்னு நினைச்சுண்டு போட்டுட்டுப் போறா!" ருக்மிணியின் குரல் உச்சிக்குப் போனது. "மூணு பேருக்கும் பட்டு பட்டாத் தைச்சுக் குடுத்திருக்கேன். கடைசியில என் கடை தர்மசத்திரம் மாதிரி இருக்குன்னு ஊருக்கே தெரியப்போறது!"

"மாமி, டைம் ஆறது" என்று வெங்கடகிருஷ்ணன் நினைவுபடுத்தினான்.

"மனுஷா வேண்டாம். பொம்மையே போறும். பொம்மைக்குக் குளிராது, தடிமன் வராது, ஆத்துக்காரர் கிடையாது!"

கடைக்குள்ளிருந்து துணிக்கடைப் பொம்மையைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கோ ஒரு பெரிய கடை மூடியபோது கிடைத்த பொம்மை அது. பொன்னிறத் தலைமுடி, நீலக் கண், கூடைப்பந்து ஆடுபவளின் தோள். அதற்கு, தைத்து முடித்துத் தொங்கவிட்டிருந்த ஒரு சிவப்புப் பட்டு ரவிக்கையை மாட்ட ஆரம்பித்தாள். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை பாதியில் நின்றது. ருக்மிணி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ரவிக்கை வரவில்லை, கைதான் தோளோடு கழன்று வந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்பக்கத்துக் கொக்கிகளைப் பூட்டப் பார்த்தாள். மூச்சைப் பிடித்து ஒரு கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். அது 'விண்' என்று பறந்து போய் வெங்கடகிருஷ்ணனின் மூக்குக் கண்ணாடியில் பட்டது.



"பொம்மைக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றாள் ஷ்யாமளா அவசரமாக.

"பின்னே? நம்ம பிளவுஸுக்கு ஏத்த தோள் இந்த ஊர்ப் பொம்மைக்கு ஏது?" என்றாள் மீனாக்ஷி மாமி.

"ஓம் அக்கா, அது சரியான தடிச்ச பொம்மை" என்றாள் தவமணிதேவி.

"தெரியறதே, சீஸா தின்னு வளர்ந்த உடம்புன்னு!" என்று ருக்மிணி பொம்மையின் கையைத் தரையில் வீசினாள். "நான் டேப் வெச்சு அளக்கறது கிடையாது. பழைய பிளவுஸைக் கொண்டா, அதைப் பாத்து வெட்டறேன்னு சொல்றது கிடையாது. ஒரு தடவை ஆளைப் பாத்தா என் கண்ணுலயே அளவு நின்னுடும். வெங்கட், இதையும் விளம்பரத்துல சேர்த்துக்கோ."

"சேர்க்கறேன் மாமி. ஆனா ஒரு பிளவுஸாவது..."

அவன் முடிப்பதற்குள் ருக்மிணி ஷ்யாமளாவின் சால்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"ஐயோ மாமி!" ஷ்யாமளா பின்னாலேயே ஓடிப் போய்க் கடையின் கண்ணாடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே பச்சைப் பட்டு ரவிக்கை சுருக்கமில்லாமல், இழுப்பு இல்லாமல், வெயிலில் மின்னியது.

ருக்மிணியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "பாத்தியா வெங்கட்? பாத்தியா எப்படிப் படிஞ்சு உக்காந்திருக்குன்னு? இதைப் போய் மூடி வெச்சிருந்தாளே, மகராசி! இப்போ திரும்புடி. பின்கழுத்துல இலை டிசைன் வெச்சிருக்கேன். அதுதான் முக்கியமாத் தெரியணும்."

"திரும்ப முடியாது மாமி."

"ஏன்?"

"சுளுக்கு."

"இப்போ ஓடினியே?"

"அப்போதான் சுளுக்கிண்டுது."

ருக்மிணி அவள் தோளைத் தொட வந்தாள். ஷ்யாமளா கண்ணாடியோடு ஒட்டியபடியே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தாள். ருக்மிணி இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம் போனாள். மீனாக்ஷி மாமியும் தவமணிதேவியும் பதறிப்போய் இரண்டு பக்கமும் ஓடிவந்து, தங்கள் சால்வைகளை அவளுக்கும் சேர்த்துப் போர்த்தினார்கள். மூவரும் ஒரே மூட்டையானார்கள். மூட்டைக்கு மேலே வியர்வை வழியும் மூன்று தலைகள்.

வெங்கடகிருஷ்ணன் கேமராவைக் கீழே இறக்கினான்.

ருக்மிணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் உங்களுக்கு என்னடி குறை வெச்சேன்?" என்று ஆரம்பித்தாள். "ஷ்யாமளா, உனக்குக் குழந்தை பொறந்தப்போ உங்கம்மாவுக்கு விசா கிடைக்கலை. மாசம் முழுக்கப் பத்தியச் சமையல் பண்ணி ஃப்ரீவேயில கொண்டுவந்து குடுத்தது யாரு? மாமி, உங்காத்துக்காரர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ உங்க பக்கத்துல உக்காந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னது யாரு? தவமணி, உங்க ஊர்ல சண்டை, வீட்டுக்காரா என்ன ஆனான்னு தெரியலைன்னு நீ வந்து நின்னப்போ உன்னை எங்காத்துலயே வெச்சுண்டேனே! நான் பதிலுக்கு என்ன கேட்டேன்? ஒரே ஒரு நிமிஷம், நான் தைச்சதைப் போட்டுண்டு முதுகைக் காட்டுங்கோன்னேன். அதுக்கு ஒருத்திக்குக் குளிர்றது, ஒருத்திக்கு வெக்கம், ஒருத்திக்குத் தடிமன்! என் கடைப் பிளவுஸைப் போட்டுண்டு டிவியில வர்றது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதானே?"

செய்த உதவியை எண்ணிச் சொல்ல ஆரம்பித்தால் சொல்லுகிற வாய்க்கே அது கசந்துவிடும். ருக்மிணி நல்ல பெண். அந்தக் கசப்பு அவளுக்கே உறைத்தது. குரல் உடைந்தது.

"போகட்டும் விடுங்கோ. இந்த விளம்பரம் வந்தாத்தான் கடை நிக்கும். இல்லேன்னா மூடிட்டு டெக்ஸஸுக்குக் கிளம்பிடலாம்னு அவர் சொல்லிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லலை. இப்போ சொல்றேன். மூடிடறேன். உங்களுக்கும் நிம்மதி."

 மூட்டைக்குள்ளிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"மூடப்போறேளா?" என்றாள் ஷ்யாமளா. "என்ன மாமி இது? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க போனா நான் யார்ட்டப் போவன் அக்கா?" என்று தவமணிதேவி நிஜமாகவே மூக்கை உறிஞ்சினாள்.

மீனாக்ஷி மாமி மற்ற இருவர் முகத்தையும் பார்த்தாள். அவர்களுக்குள் கண்ணாலேயே ஏதோ பேச்சு நடந்தது. சால்வையை நன்றாக இழுத்துச் செருகிக்கொண்டு, "வெங்கட், கேமராவைத் தூக்கு" என்றாள். "எங்களுக்குப் பேசத் தெரியும். எடு."

ஷ்யாமளா தன் சால்வையைத் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. சால்வை போர்த்திய மூன்று பெண்கள், அழுத கண்ணும் கரைந்த குங்குமமுமாக, அதன் முன்னால் வந்து நின்றார்கள்.

"பே ஏரியா ஊர்கள்ல இருக்கற எல்லாருக்கும் சொல்றேன்" என்றாள் ஷ்யாமளா. "நாங்க ருக்மிணி மாமிகிட்டதான் தைக்கக் குடுக்கறோம். இத்தனை நாளும் குடுத்தோம். இனிமேயும் குடுப்போம். நீங்களும் கட்டாயம் குடுக்கணும்."

"இந்தக் கடைக்குள்ள போனா உடன்பிறந்தாள் வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்" என்றாள் தவமணிதேவி. "வெறும் வயித்தோட ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை."

"இப்படி ஒரு மனசு எந்த மால்லயும் கிடைக்காது" என்றாள் மீனாக்ஷி மாமி. "நவராத்திரி வர்றது. ஆளுக்கு ரெண்டு பிளவுஸாவது குடுங்கோ. அம்பாள் உங்களைக் கைவிட மாட்டா."

வெங்கடகிருஷ்ணன் மெல்லக் கேமராவை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "இதுக்கு மேல நான் எதுவும் எடுக்க வேண்டாம் மாமி. இதைப் பாத்தா நானே புடவை கட்டிண்டு வந்துடுவேன்."

ருக்மிணி கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது.

"எல்லாம் சரி. தையலைப் பத்தி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே மாமி" என்றாள் ஷ்யாமளா.

ருக்மிணிக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. கீழே கிடந்த பொம்மையின் கையை எடுத்துத் தூசி தட்டினாள். மீனாக்ஷி மாமி அந்த டாலரைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்தின் முன்னால் வைத்தாள். எல்லாரும் உள்ளே வந்து, ருக்மிணி ஜாடியில் கொண்டுவந்திருந்த மோரைக் குடிக்க உட்கார்ந்தார்கள். அப்போதும் சால்வையோடுதான். அவர்களைக் கேட்பதில் இனிப் பிரயோஜனம் இல்லை என்று ருக்மிணி விட்டுவிட்டாள். நல்ல மனசுதான், ஆனால் பட்டிக்காட்டு வெட்கம்; என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் லான் வந்து நின்றாள். கையில் பாதி சுற்றிய மின்கம்பி. முகம் வெளுத்திருந்தது. கம்பியை எடுக்க வந்தவளிடம் வெங்கடகிருஷ்ணன், சாமான்களைக் காரில் ஏற்றியபடியே, எல்லாரும் ஏன் அழுதார்கள் என்று விளக்கியிருக்கிறான்.

"நிஜமா ருக்மிணி? கடையை மூடிவிட்டு டெக்ஸஸ் போகிறாயா?" என்று அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதறினாள்.

ஷ்யாமளா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று லானைப் பார்த்துத் தலையாட்டினாள். மீனாக்ஷி மாமி உதட்டில் விரலை வைத்தாள். தவமணிதேவி கண்ணை மூடிக்கொண்டாள். லான் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ருக்மிணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"போகாதே ருக்மிணி, தயவுசெய்து போகாதே! நீ தைத்துக் கொடுக்கும் பிளவுஸ்களையெல்லாம் பிரித்து, முதுகில் ஜிப் வைத்துத் தைப்பதற்கென்றே போன மாதம்தான் நான் இரண்டாவது தையல் மெஷின் வாங்கியிருக்கிறேன்!"